பார்வையில்லாதவர் மரதன் ஓடினால், ஓடுறது அவரா, கயிறு பிடிக்கிறவரா?

தெகிவளையான் | 2025 ஏப்ரல் 20, இரவு 9.40

ஒரு கேள்வி, ஆரும் கோவிக்க வேண்டாம். பார்வையில்லாத ஒருத்தர் 42 கிலோமீற்றர் ஓடினார் எண்டு பேப்பரில போடுறாங்கள். படத்தைப் பாத்தா பக்கத்தில இன்னொருத்தர் கயிறு பிடிச்சுக்கொண்டு ஓடுறார். பாதை பாக்கிறது அவர், வேகம் பாக்கிறது அவர், தண்ணி எடுத்துக் குடுக்கிறதும் அவர். மற்றவர் இழுபட்டுப் போறார். அப்ப இது ஆற்றை ஓட்டம்?

கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட கந்தோரில டெலிபோன் ஒப்பரேட்டருக்குப் பார்வை இல்லை. கொழும்பு மரைன் டிரைவில, அந்தக் கடலோர றோட்டில, ஓட ஆசை, கூட வருவியோ எண்டு கேக்கிறார். ஓமெண்டு சொல்ல முதல் என்ன தெரிஞ்சிருக்க வேணும்?

கடலோரம் | ஏப்ரல் 21, காலை 5.05

இழுத்தால் ஓட்டம் செல்லாது, தம்பி. கூட ஓடுபவர் வீரரை இழுக்கவோ தள்ளவோ கூடாது. கயிறு 30 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ரப்பர் மாதிரி இழுபடுகிற சாமானும் கூடாது, அது முன்னுக்குச் சுண்டிவிடும். முடிவுக் கோட்டை வீரர்தான் முதலில் தாண்ட வேண்டும், வழித்துணை அவருக்குப் பின்னால். அரை அடி முந்தினாலும் பிழைதான்.

எதிர்ப்பக்கமாய் நடந்ததும் உண்டு. கென்யாவின் ஹென்றி வன்யோய்க்கே 1995 இல் பக்கவாதம் வந்து ஒரே இரவில் பார்வையை இழந்தவர். 2000 சிட்னி பராலிம்பிக் 5000 மீற்றரில் அவருடைய வழித்துணைக்கு மலேரியா. கடைசிக் கட்டத்தில் மனுசன் தளர்ந்துபோக, பார்வையில்லாதவர்தான் பார்வையுள்ளவரை இழுத்துக்கொண்டு வந்து தங்கம் எடுத்தார்.

ஓமெண்டே சொல்லுங்கள். எப்படி என்று பிறகு எழுதுகிறேன், இப்ப வெளிக்கிட வேண்டும்.

கடலோரம் | ஏப்ரல் 21, இரவு 8.15

முதலில் கயிறு. கடையில் தேட வேண்டாம், தட்டையான சப்பாத்து நாடா போதும். 90 சென்ரிமீற்றர் வெட்டி, இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்தால் வளையம் வரும். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டால் 8 மாதிரி இரண்டு வளையம். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு.

மணிக்கட்டில் சுற்றவே கூடாது. விரலுக்குள் மடித்துப் பிடிப்பதுதான். சுற்றியிருந்தால் ஒருவர் விழ மற்றவரும் விழுவார், அதுவும் கையை ஊன்ற முடியாமல் முகம் குப்புற. பிடி தளர்வாய் இருக்க வேண்டும். கயிறு விறைத்து நின்றால் இருவரில் ஒருவர் பிழை விடுகிறார், பெரும்பாலும் பார்வையுள்ளவர்.

அடுத்தது கால். உங்கள் உள்கையும் அவருடைய உள்கையும் ஒன்றாய் முன்னுக்குப் போய் ஒன்றாய் வர வேண்டும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அதாவது நீங்கள் இடப்பக்கம் நின்றால் உங்கள் வலக்காலும் அவருடைய இடக்காலும் ஒரே நேரம் நிலத்தில் படும். இது பிசகினால் இரண்டு முழங்கையும் ஒவ்வொரு அடிக்கும் இடிபடும். ஓடத் தொடங்க முன் நின்ற இடத்திலேயே 20 எண்ணும் மட்டும் கையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். சிரிப்பாய் இருக்கும், ஆனால் அதில்தான் பழகும்.

கடலோரம் | ஏப்ரல் 22, காலை 6.50

மேலே 90 என்று எழுதியது பிழை. முடிச்சுகளுக்கு ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் போனால் மிச்சம் 82, அது மடிந்து 41 வரும். போட்டியில் எடுபடாது. 70 வெட்டுங்கள். 62 மிச்சம், மடிந்தால் 31, நடு முடிச்சும் கொஞ்சம் தின்னும், 30க்குள் நிற்கும். பழகுவதற்கு 41 பரவாயில்லை, நீளம் கூடினால் முழங்கை இடிபடுவது குறையும். ஆனால் அவருடைய கை போகிற பக்கம் உங்களுக்குப் பிந்தித்தான் தெரியும். குட்டைக் கயிற்றில் அவர் தோளைத் திருப்ப முன்னரே உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கண்வாட்டு | ஏப்ரல் 22, இரவு 10.30

தெகிவளையான் தம்பி, அவருக்கு என்ன வருத்தம் என்று கேட்டனீரா? "பார்வை இல்லை" என்றால் அது ஒரே வருத்தம் இல்லை.

நடுப்பார்வை போய் ஓரப்பார்வை இருக்கிற ஆட்கள் உண்டு. ஸ்ரார்காட் நோய் அப்படி. எதிரே வருபவருடைய முகமும் மணிக்கூடும் தெரியாது, ஆனால் றோட்டோரமும் பக்கத்தில் ஓடுபவரும் மங்கலாய்த் தெரியும். மறுவளமாய், விழித்திரை நிறமிச் சிதைவில் முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு ஓரம் சுருங்கிக் குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி ஆகும். இரண்டாவது ஆட்களுக்குக் கொழும்பு ஓட்டக்காரரின் நேரம்தான் பெரிய ஆபத்து. வெக்கைக்குப் பயந்து எல்லாரும் விடிய 4.45க்கு இறங்குவீர்கள். பகலில் கந்தோருக்குத் தனியாய் நடந்து வருகிற மனுசன் அந்த இருட்டில் ஒன்றுமே தெரியாமல் நிற்பார். "பகலில் நல்லாய்த்தானே வாறவர், நடிக்கிறார்" என்று சொல்கிற ஆட்களும் இருக்கினம். நடிப்பில்லை, விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கான கலங்கள்தான் முதலில் சாகின்றன. சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இந்த வருத்தம் கொஞ்சம் கூடுதலாய் வரும், அதனால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இருக்கலாம்.

சீனி வருத்தத்தால் பார்வை போனவர் என்றால் வேறு கதை. விழித்திரையில் புது இரத்தக்குழாய் முளைத்து இரத்தம் கசிகிற கட்டத்தில் கடும் ஓட்டமும் பாரம் தூக்கலும் ஆகாது, உள்ளுக்குள் இரத்தம் பெருகும். கண் டொக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் சப்பாத்து. இன்சுலின் போடுகிறவர் என்றால் குளுக்கோஸ் உங்கள் பொக்கெற்றிலும் இருக்க வேண்டும்.

தெகிவளையான் | ஏப்ரல் 23, பகல் 1.10

கேட்டன் அக்கா. பிறவியில இருந்தே இல்லையாம், வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். சீனி இல்லை. டி-11, டி-12 எண்டு ஏதோ சொன்னார், எனக்கு விளங்கேல்லை. அதோட நான் 10 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில ஓடுவன், அது காணுமோ?

கடலோரம் | ஏப்ரல் 23, இரவு 9.00

டி-11, 12, 13 மூன்றும் போட்டிப் பிரிவுகள். 11 இல் பார்வை கிட்டத்தட்ட இல்லை. கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவருக்கும் ஒன்றும் தெரியாதவருக்கும் வித்தியாசம் வரக்கூடாது என்று ஓடுதடத்தில் கண்ணை மறைத்துவிடுவார்கள். வழித்துணை கட்டாயம். 12 இல் கொஞ்சம் தெரியும், அல்லது பார்வைப் புலம் 10 பாகைக்கும் குறைவு. துணை வேண்டுமா என்று வீரரே முடிவு செய்யலாம். 13 இல் துணை இல்லை. உங்கள் ஒப்பரேட்டர் 11 ஆக இருக்கக்கூடும், வகுப்புப் பிரிக்கிறவர்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேகம் காணுமோ என்றால், நடைபாதைக்குக் காணும், போட்டிக்குக் காணாது. 4 மணித்தியால மரதன் என்றால் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 செக்கன். அதைக் கூட ஓடுபவர் 3.30 இல் முடிக்கக்கூடியவராய், அதாவது 4.59 இல் சலிக்காமல் போகக்கூடியவராய் இருந்தால்தான் நல்லது. ஏனென்றால் அவர் ஓடினால் மட்டும் போதாது, நாலு மணித்தியாலமும் கதைக்க வேண்டும். முப்பதாம் கிலோமீற்றரில் மூச்சு வாங்கினால் முதலில் நிற்பது கால் இல்லை, வாய். வாய் நின்றால் மற்றவர் குருடர்.

மேலே போகப் போக இதுதான் இறுக்கும். மொரோக்கோவின் எல் அமின் செந்தூஃப் டோக்கியோவில் மரதனை 2 மணி 21 நிமிடம் 43 செக்கனில் முடித்தார், கிலோமீற்றருக்கு 3.22. இந்த வேகத்தில் கதைத்துக்கொண்டு ஓட எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதனால்தான் மரதனில் இரண்டு வழித்துணை வைத்து, 10, 20, 30 ஆவது கிலோமீற்றரில் மாற்ற விடுகிறார்கள். பார்வையில்லாதவருடைய ஓட்ட வாழ்க்கைக்குக் கண் ஒரு தடை என்பது சரிதான். பெரிய தடை, தன்னைவிட வேகமான, விடிய எழும்பக்கூடிய, கொழும்பை விட்டு மாற்றலாகிப் போகாத ஒரு ஆள் கிடைப்பது. வீரர் வளர வளர அந்த ஆள் கழன்றுகொண்டே போவார்.

தெகிவளையான் | ஏப்ரல் 23, இரவு 9.25

அப்ப நான் கேட்டது பிழை எண்டுறியள்.

கடலோரம் | ஏப்ரல் 23, இரவு 9.31

பாதி. பார்வையுள்ளவர் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை, உண்மை. அவரும் இப்ப மேடையில் ஏறிப் பதக்கம் வாங்குகிறார்.

கண்வாட்டு | ஏப்ரல் 25, இரவு 11.00

துணையில்லாமல் மேலே போனவ ஒருத்தி இருக்கிறா: மார்லா ரன்யன், அமெரிக்கா. நான் சொன்ன ஸ்ரார்காட்தான், ஒன்பது வயதில் கண்டுபிடித்தது. 1992 பார்சலோனா பராலிம்பிக்கில் நாலு தங்கம். 2000 சிட்னியில் ஒலிம்பிக்கில், பராலிம்பிக்கில் இல்லை, 1500 மீற்றர் இறுதிப் போட்டியில் எட்டாவதாய் வந்தா. 2002 இல் நியூயோர்க்கில் முதல் மரதன், 2 மணி 27 நிமிடம் 10 செக்கன், நாலாவது இடம். ஓரப்பார்வை இருந்ததால் கூட்டத்துக்குள் இடிபடாமல் ஓடினா. எதிரே இருக்கிற நேரப்பலகை தெரியாது, முன்னுக்குப் போறவளுடைய முதுகு ஆற்றை முதுகு என்றும் தெரியாது.

கடலோரம் | ஏப்ரல் 26, காலை 5.20

அது நல்ல உதாரணம், அக்கா. ஆனால் அதைக் காட்டி டி-11 ஆளிடம் "அவ தனிய ஓடினாதானே" என்று சொல்லிப்போடாதேங்கோ. இரண்டும் வேறு.

இனி வாய். தமிழில் ஒரு சிக்கல்: "இடது", "வலது" இரண்டும் ஒரே வாலோடு முடிகிறது. காற்றும் பஸ் ஹோனும் சேர்ந்தால் "து" மட்டும்தான் கேட்கும். "லெப்ட், றைட்" பிரிந்து கேட்கும், ஆனால் காலி வீதிப் பக்கம் அதைப் பாவிக்காதேங்கோ. "போகலாம்" என்பதற்குக் கொண்டக்டர் "றைட், றைட்" என்று கத்துவார், பஸ் வெளிக்கிடும், உங்கள் ஆள் வலப்பக்கம் திரும்புவார். மரைன் டிரைவில் வழியே கையில் இருக்கிறது: "கடல்", "றோட்டு". தெகிவளைப் பக்கம் போகையில் கடல் வலப்பக்கம், கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகையில் இடப்பக்கம். எந்தப் பக்கம் என்று அவருக்கு அலையும் றெயிலும் சொல்லும்.

நேரம் சொல்லும் முறை: தடங்கலுக்கு ஐந்து காலடி முன்னால் பெயர், பிறகு எண்ணிக்கை, பிறகு சொல். "படி, கீழ, மூண்டு, ரெண்டு, ஒண்டு, இப்ப." மேல், கீழ் எண்ணிக்கைக்கு முதல் வர வேண்டும். "படி" என்று மட்டும் சொன்னால் அவர் மேல்படிக்குக் காலைத் தூக்குவார், அது கீழ்ப்படியாய் இருந்தால் முதுகெலும்பில் அடி. "பார்த்து", "கவனம்", "அங்க" மூன்றையும் மறந்துவிடுங்கள். அவற்றில் ஒரு தகவலும் இல்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது.

பாதை ஒடுங்கினால் "ஒடுக்கம்" என்று சொல்லிக் கயிற்றுக் கையை உங்கள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், அவர் பின்னால் வந்துவிடுவார். வேகத்தைக் குறைத்த பிறகு செய்யுங்கள், குறைக்க முன்னர் இல்லை. ஆபத்து என்றால் ஒரே சொல்: "நில்". அதை விளையாட்டுக்குக்கூட வேறெதற்கும் பாவிக்கக் கூடாது.

கடலோரம் | ஏப்ரல் 27, காலை 7.40

பாதை. சுதந்திர சதுக்கம் சமன், ஆனால் 5.30க்குப் பிறகு நாலு பேர் கைகோத்துக் கதைத்துக்கொண்டு நடக்கிற கூட்டம். முதல் நாளுக்கு காலி முகத்திடல் நடைபாதை நல்லது: நேர், அரைக் கிலோமீற்றர் அளவு, கடல் ஒரே பக்கம். விடிய மட்டும். பின்னேரம் இறால் வடை வண்டில், பிள்ளைகள், பட்டம். பட்ட நூல் உங்களுக்கே தெரியாது, அவருடைய கழுத்துக்கு எப்படித் தெரியும்?

மரைன் டிரைவில் கான் மூடிகள், அதாவது வடிகால் மூடிகள். ஒன்று உடைந்திருக்கும், ஒன்று ஆடும், ஒன்று இல்லவே இல்லை. இல்லாத இடத்தில் ஒரு தடி நட்டுப் பொலித்தீன் பை கட்டியிருக்கும், அது கண்ணுள்ளவருக்கான அறிவித்தல். முந்தின நாள் நீங்கள் தனியாய் நடந்து பாருங்கள், மூடியையும் விளக்குக் கம்பத்தையும் எண்ணி வையுங்கள். நடைபாதையில் நிறுத்தின ஓட்டோ எண்ணிக்கையில் வராது, அது நாளுக்கு நாள் மாறும். போயா நாள், பௌர்ணமி விடுமுறை, விடிய றோட்டு வெறுமை, அன்று றோட்டிலேயே ஓடலாம். வாகனத்தைப் பார்த்து ஓடுங்கள், அதாவது வலப்பக்க ஓரம். வாகனப் பக்கம் நீங்கள்.

கடலோரம் | மே 9, இரவு 8.50

போயா என்று மேலே எழுதினதற்கு ஒரு விதிவிலக்கு: வெசாக். 12ஆம் திகதி. அந்தக் கிழமை முழுக்க வெளிச்சக்கூட்டுக்குக் கட்டின கம்பியும் கயிறும் நெற்றி உயரத்தில், தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) வரிசை நடைபாதையை அடைத்து நிற்கும், நிலத்தில் வயர் ஓடும். அந்தக் கிழமை உள்ளுக்கு ஓடுங்கள்.

உள்ளுக்கு என்றால் ட்ரெட்மில். நிறுத்துகிற பட்டனிலும் வேகம் கூட்டுகிற பட்டனிலும் வேறு வேறு வடிவில் ஒட்டுத்துணி வெட்டி ஒட்டினால் விரலுக்குத் தெரியும். பாதுகாப்புக் கிளிப்பை உடுப்பில் மாட்டாமல் ஏற விடாதேங்கோ. விளையாட்டு மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது: இடுப்பு உயரத்தில் 50 மீற்றர் கம்பி இழுத்து, வளையம் கோத்து, வளையத்தில் ஒரு சிறு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு தனியாய் முழு வேகத்தில் ஓடலாம். இரண்டு முனைக்கும் 5 மீற்றர் முன்னால் கம்பியில் தடிப்பாய் டேப் சுற்றுங்கள், வளையம் அதில் தட்டுப்பட்டால் கைக்குத் தெரியும். இதைத் துணை கிடைக்காத நாளுக்கென்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒருவருடைய கையையும் பிடிக்காமல் ஓடுகிற ஓட்டத்தில்தான் அவருடைய சொந்த நடை வெளியே வரும். புதிதாய் ஓடுகிற பார்வையில்லாதவர் அனேகமாய்ப் பின்னுக்குச் சாய்ந்து, குதிக்காலில் குத்தி, குட்டை அடி வைப்பார். அது பயம். இரண்டு கிலோமீற்றரில் தொடை முன்பக்கம் இறுகிப்போகும்.

தெகிவளையான் | மே 18, காலை 8.20

தொடை இறுகினது உண்மைதான், அவருக்கில்லை, எனக்கு! இன்னொரு கேள்வி. போன வருசம் பாரிஸில ஒரு பெண்ணுக்குக் கயிறு விட்டதுக்குப் பதக்கம் குடுக்கேல்லையாம். இது கொஞ்சம் ஓவர் இல்லையோ?

கடலோரம் | மே 18, இரவு 9.10

எலேனா கொங்கோஸ்ற், ஸ்பெயின். 2016 றியோவில் இதே மரதனில் தங்கம் எடுத்தவர். பாரிஸில் 2024 செப்ரெம்பர் 8, மூன்றாவதாய் வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில மீற்றர் இருக்கையில் வழித்துணைக்குக் காலில் தசை பிடித்து விழப் போனார். இவர் கயிற்றை விட்டு அவரைத் தாங்கினார், பிறகு பிடித்துக்கொண்டு முடித்தார். 3 மணி 00 நிமிடம் 48 செக்கன். அடுத்தவர் வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. அப்படியிருந்தும் நீக்கிவிட்டார்கள், அன்று வெண்கலம் ஜப்பானின் மிசாட்டோ மிச்சிஷிதாவுக்குப் போனது.

விதி ஏன் அப்படி என்றால், கயிற்றை விடலாம் என்று வந்தால் கடைசி 100 மீற்றரில் களைத்த வழித்துணையை விட்டுவிட்டு ஓடலாம், கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு அது லாபம். விதியில் குறை சொல்ல மாட்டேன்.

கண்வாட்டு | மே 18, இரவு 9.45

நான் சொல்லுவன். லாபம் எடுக்க விட்டவளையும் விழுகிறவனைப் பிடிக்க விட்டவளையும் ஒரே கோலால் அளக்கிற விதி என்ன விதி? மூன்று நிமிட இடைவெளியில் என்ன லாபம்?

கடலோரம் | மே 19, காலை 5.15

இரவு யோசித்தேன். அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வன்யோய்க்கே சிட்னியில் செய்ததும் இதுவும் ஒரே செயல், வன்யோய்க்கேயின் கை மட்டும் கயிற்றை விடவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் தம்பி படிக்க வேண்டியது வேறு: கால் பிடித்தது வழித்துணைக்கு. வீரருக்குத் தண்ணி கொடுத்துத் தான் குடிக்காமல் விடுவது வழித்துணைகளின் பொது வியாதி. கொழும்பு வெக்கையில் மணித்தியாலத்துக்கு 400 முதல் 800 மில்லிலீற்றர் ஆளுக்கு, இருவருக்கும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) ஒரு பக்கெற்றை 1 லீற்றரில் கரைத்து இரண்டு மென்போத்தலில் ஊற்றுங்கள். கப்பில் கொடுப்பதென்றால் விளிம்பை நசுக்கிச் சொண்டு மாதிரி ஆக்கி, "கப், வெளிக்கை" என்று சொல்லி, கயிறு பிடிக்காத கையில் வையுங்கள். வாயருகே கொண்டுபோய் ஊற்றப் போகாதேங்கோ, மூக்குக்குள் போகும்.

தெகிவளையான் | யூன் 1, இரவு 7.30

மழை துடங்கீற்று. தொப்பி போட்டு ஓடலாமோ? அவர் வேண்டாமெண்டுறார். கயிறும் நனைஞ்சு வழுக்குது.

கடலோரம் | யூன் 1, இரவு 8.05

தொப்பி போடச் சொல்லுங்கள், மழைக்கு இல்லை. முன்விளிம்பு உள்ள தொப்பி. தாழ்ந்த கிளை முதலில் விளிம்பில் தட்டும், முகத்தைத் திருப்ப அரை செக்கன் கிடைக்கும். பார்வை இல்லாத கண்ணுக்கும் காயம் காயம்தான், சாதாரணக் கண்ணாடியும் போடலாம். மழையில் பாதசாரிக் கடவைக் கோடு சோப்புப் போட்ட மாதிரி, அதில் ஓட வேண்டாம், நடங்கள். தண்ணி நிற்கிற இடத்தில் கான் மூடி இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, சுற்றிப் போங்கள். மழைச் சத்தம் அலையை மூடிவிடும், அவருக்குத் திசை போகும், வழமையைவிடக் கூடக் கதைக்க வேண்டும்.

கயிறு நைலோனாய் இருக்கும். பருத்தி நாடா வாங்குங்கள், நனைந்தாலும் பிடிக்கும். வியர்வையில் மணக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நனைந்து காய்ந்தால் சுருங்கும், 70க்குப் பதிலாய் 73 வெட்டி, ஒருதரம் கழுவிக் காயவிட்ட பிறகு முடிச்சுப் போடுங்கள்.

தெகிவளையான் | யூன் 1, இரவு 8.12

ரெண்டு வெட்டுறன். ஒண்டு அவரிட்ட இருக்கட்டும், நான் வராத நாளுக்கு வேற ஆரும் வந்தா.